லேப்டாப்பை நாமே அசெம்பிள் பண்ணினால் விலை குறையுமா?

2000-ஐ ஒட்டி இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டர் வேணும்னா அப்போ யாரும் பிராண்டட் வாங்க மாட்டோம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் மதர்போர்டுக்கு ஒரு கடை, ராமுக்கு ஒரு கடை, கேபினெட்டுக்கு இன்னொரு கடை என்று கொட்டேஷன் வாங்கி, பேரம் பேசி, எல்லாத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து மாட்டினால் முடிந்தது. பிராண்டட் விலையைவிட நன்றாகவே குறையும். அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் ஜூன் மாதம் காலேஜ் திறக்கும்போது சொந்தக்காரர்களிடமிருந்து ஒரு கேள்வி வருகிறது: "லேப்டாப்பையும் அதே மாதிரி பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ண முடியாதா?"

பண்ண முடியும். நான் ஒன்று செய்து ஏழெட்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். இந்தப் பதிவையும் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் விலை குறையுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, ஒரு லேப்டாப்பில் காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ப்ராசஸரில் என்று நினைக்கிறார்கள்.

முதலில் டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்வோம். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்று ஒரு அளவை வெளியிட்டது. போர்டு 305 மி.மீ.க்கு 244 மி.மீ., ஸ்க்ரூ ஓட்டைகள் இந்த இடத்தில், பின்பக்கம் போர்ட்டுகள் வரும் இடம் இது, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கரண்ட் கனெக்டர் இது. தைவானில் ஒருத்தர் செய்த போர்டு, டெல்லியில் யாரோ வளைத்த தகரப் பெட்டியில் பொருந்தியதற்குக் காரணம் அதுதான். லேப்டாப்புக்கு அப்படி ஒரு பொது அளவு எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்படவே இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் பாடிக்கு ஏற்ற மாதிரி போர்டை வெட்டுகிறார்கள். ஃபேனுக்கு ஒரு வளைவு, பேட்டரிக்கு ஒரு பள்ளம். ஒரே கம்பெனியின் அடுத்த வருட மாடலுக்குக்கூடப் பொருந்தாது.

வேடிக்கை என்னவென்றால், லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் பல பாகங்கள் ஏற்கெனவே பொது அளவில்தான் இருக்கின்றன. ராம் ஸ்டிக், 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் உள்ள எம்.2 எஸ்எஸ்டி, வைஃபை கார்டு, ஏன், டிஸ்ப்ளே பேனல்கூட. பொது அளவில் இல்லாதவை நாலுதான்: போர்டின் வடிவம், பேட்டரி, கீபோர்டு, பாடி. நமக்கு வரும் தொல்லை முழுக்க இந்த நாலில்தான்.

விலைக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2017-ல் பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் நிறுவனம் டெரஸ்-1 என்று ஒரு லேப்டாப் கிட் வெளியிட்டது. நாமே மாட்டிக்கொள்ள வேண்டும்; வரைபடங்கள் எல்லாம் பொதுவில்; ஒவ்வொரு பாகமும் தனியாகவும் கிடைக்கும். அருமையான முயற்சி. விலை சுமார் 240 யூரோ. அதே 2017-ல், அதே ஆல்வின்னர் ஏ64 சிப்பை வைத்து, பைன்64 என்ற நிறுவனம் பைன்புக் என்று முழுதாக மாட்டிய லேப்டாப்பை விற்றது. 14 அங்குல மாடலின் விலை 99 டாலர். மூளை இரண்டுக்கும் ஒன்றுதான், விலை இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். சிப்பின் விலை இந்த வித்தியாசத்தில் ஒரு பொருட்டே இல்லை. பிளாஸ்டிக் பாடிக்கு அச்சு வெட்ட வேண்டும். ஒரு அச்சுக்கே பல லட்சம் ஆகும். அந்தச் செலவை லட்சம் பேர் பகிர்ந்துகொண்டால் தெரியாது, ஆயிரம் பேர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருத்தர் தலையிலும் பெரிதாக விழும். நாம் வீட்டில் செய்யும்போது அந்த ஆயிரமும் இல்லை, ஒருத்தர்தான்.

இதற்கும் முன்னால், 2014-ல், சிங்கப்பூரிலிருந்து ஆண்ட்ரூ 'பன்னி' ஹுவாங்கும் ஷான் கிராஸும் நொவீனா என்று ஒரு லேப்டாப் செய்தார்கள். ஹார்டுவேர் உலகில் ஹுவாங் பெரிய கை. அவர்களே ஹிஞ்ச், கீபோர்டு பிரச்சினைகளுக்குள் முழுசாக இறங்கவில்லை. மூடி கேஸ் ஸ்பிரிங்கில் மேலே எழும்பும், திரை வெளிப்பக்கம் இருக்கும், கீபோர்டைத் தனியாக முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரிக்கு ரிமோட் கார், விமானம் ஓட்டுகிறவர்கள் போடும் பேக். அந்த லேப்டாப் வடிவத்தின் விலை 1,995 டாலர். மலிவு அவர்கள் நோக்கமும் இல்லை.

சரி, நான் செய்ததற்கு வருகிறேன். போர்டு ராஸ்பெர்ரி பை 5, 8 ஜிபி. இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வாங்கினேன், ஓடுகிறது. பேனல்தான் சுவாரஸ்யமானது.

செத்துப்போன லேப்டாப்பில் பெரும்பாலும் சாவது போர்டு அல்லது பேட்டரி. பேனல் நன்றாகவே இருக்கும். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தை நெம்பி எடுத்து, நாலு ஸ்க்ரூ கழற்றினால் பேனல் கையில் வந்துவிடும். அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள மாடல் நம்பர்தான் முக்கியம். லேப்டாப்பின் பிராண்டும் மாடலும் இங்கே பயன்படாது, ஏனென்றால் ஒரே மாடல் லேப்டாப்பில் மூணு கம்பெனி பேனல்கள் வரும்.

அந்த நம்பரை வைத்து இணையத்தில் தேடினால் எல்விடிஎஸ்ஸா, இடிபியா என்று தெரிந்துவிடும். ஏறக்குறைய 2012-13 வரை வந்தவை எல்விடிஎஸ், அதற்குப் பிறகு இடிபி. 30 பின் கனெக்டர் இரண்டிலும் உண்டு, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகினால் பேனல் போய்விடும். நம்பரைக் கடைக்காரரிடம் கொடுத்தால், எச்டிஎம்ஐ-யை அந்தப் பேனலுக்கு மாற்றித் தரும் கன்ட்ரோலர் போர்டு கிடைக்கும். பேனலின் ரெசல்யூஷனுக்கு ஏற்ற ஃபர்ம்வேர் அதில் ஏற்றியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கேபிளையும் அதோடு சேர்த்தே வாங்குவது நல்லது. பழைய லேப்டாப்பின் கேபிள் பேனல் பக்கம் பொருந்தும், மறுபக்கம் அந்த மதர்போர்டுக்கென்றே செய்த கனெக்டர்.

இவ்வளவும் செய்தால் திரை எரியும். ஆனால் கீபோர்டில் பிரைட்னஸ் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. கன்ட்ரோலர் போர்டோடு வரும் சின்னப் பட்டன் பட்டையைத்தான் அமுக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது வெளியே வைத்த ஒரு மானிட்டர், அவ்வளவுதான்.

கீபோர்டும் அப்படித்தான் ஏமாற்றும். லேப்டாப் கீபோர்டைப் பிரித்து எடுத்தால் ஒரு தட்டையான ரிப்பன் மட்டும் வரும். அதற்குள் எந்தச் சிப்பும் இல்லை. வெறும் கம்பிச் சதுரங்கம். எந்த வரிசையும் எந்த நெடுக்கும் தொடுகிறது என்று பார்ப்பது மதர்போர்டில் இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலரின் வேலை. மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை வைத்து நாமே அதைப் படிக்கலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பின்னாக மல்டிமீட்டர் வைத்து வரைபடம் போட எனக்குப் பொறுமை இல்லை. டச்பேட் உள்ள யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை வாங்கி, மேல் கூட்டைக் கழற்றிப் பொருத்திவிட்டேன்.

இனி பேட்டரி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் கெட்டால் காசு போகும், இது கெட்டால் வீடு போகும்.

பொதுவாகக் கிடைப்பது 18650 செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம், சராசரி 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். இந்த அளவில் நல்ல கம்பெனி செல்லே 3,500 எம்ஏஎச்சைச் சுற்றித்தான் நிற்கும். மேலே 9,900 என்று அச்சடித்து விற்கிறார்களே, அது பொய். கையில் எடுத்தாலே எடை குறைவாக இருப்பது தெரியும். செத்த லேப்டாப் பேட்டரியை உடைத்துச் செல் எடுப்பவர்களும் உண்டு. பேக் செத்துப்போனதற்குக் காரணமே அதற்குள் ஒரு செல் கெட்டதாக இருக்கலாம். எது என்று அளக்கக் கருவியும் பொறுமையும் இல்லாவிட்டால் அந்த வேலை வேண்டாம்.

நான் போட்டது 2,600 எம்ஏஎச் செல் ஆறு. மூணு தொடராக, அப்படி இரண்டு இணையாக. 6 × 2.6 × 3.6, அதாவது சுமார் 56 வாட்-அவர். செலவுப் பக்கம் பார்த்தால் போர்டு, திரை, கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து சாதாரண வேலையில் 12 வாட் வரை இழுக்கும். வோல்ட்டேஜ் மாற்றுவதில் வீணாகும் 15 சதவீதத்தைக் கழித்தால் 4 மணி நேரம் வர வேண்டும். வருகிறது.

செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்கக் கூடாது, சூடு உள்ளே இறங்கி செல்லைக் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து தரச் சொல்லி வாங்க வேண்டும். பிஎம்எஸ் என்று ஒரு சின்னப் போர்டு விற்கிறார்கள். அது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமல், அளவுக்குக் கீழே இறங்காமல், ஷார்ட் ஆகாமல் காக்கும். பலர் அதையே சார்ஜர் என்று நினைத்து 12 வோல்ட் அடாப்டரை நேராகச் செருகிவிடுகிறார்கள். சார்ஜர் தனியாக வேண்டும்: முதலில் ஒரே கரண்ட்டில் ஏற்றி, 12.6 வோல்ட் வந்ததும் வோல்ட்டேஜை அங்கேயே பிடித்து, கரண்ட்டைப் படிப்படியாகக் குறைக்கும் வகை. பிறகு 5 வோல்ட்டுக்கு இறக்க ஒரு பக் கன்வர்ட்டர். பை 5 தன் அடாப்டரிடம் 5 வோல்ட் 5 ஆம்பியர் எதிர்பார்க்கும். அந்த உறுதி கிடைக்காவிட்டால் யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் போகும் கரண்ட்டை மொத்தமாக 600 மில்லி ஆம்பியருக்குச் சுருக்கிவிடும். கன்வர்ட்டர் உண்மையிலேயே 5 ஆம்பியர் தரும் என்றால் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்து அதைத் தளர்த்தலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நிஜ லேப்டாப் பேட்டரிக்குள் கணக்குப் பார்க்க ஒரு சிப் இருக்கும், நம் பேக்கில் இல்லை. ஐஎன்ஏ219 என்ற சென்சாரை வைத்து, சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதி ஒப்பேற்றியிருக்கிறேன். இன்னொன்று: ராஸ்பெர்ரி பையில் ஸ்லீப் கிடையாது. மூடியைச் சாத்தினால் தூங்காது, ஷட் டவுன்தான் பண்ண வேண்டும். லேப்டாப்பின் பாதி சுகமே மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போவதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பவர் பேங்க் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். பாதுகாப்புக்கு அதுதான் நல்லது. இந்தியாவில் பவர் பேங்குக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம், குறைந்தபட்சம் யாரோ சோதித்திருப்பார்கள். ஆனால் பல பவர் பேங்குகள் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் தரும். சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஒரு கணம் அவுட்புட்டை நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும். அந்த ஒரு கணத்தில் போர்டு ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பாடிக்கு 6 மி.மீ. பிளைவுட். ஹிஞ்ச், அதே பழைய லேப்டாப்பில் கழற்றியது. 3டி பிரின்ட் செய்வதானால் பிஎல்ஏ வேண்டாம், 60 டிகிரியிலேயே இளகும். மே மாத வெயிலில் காருக்குள் வைத்தால் அப்பளம் மாதிரி வளையும். பிஇடிஜி தாங்கும். ஹிஞ்ச் வழியாகச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் மடங்காது. டிரோன் செய்பவர்கள் பயன்படுத்தும் தட்டை ரிப்பன் கேபிள்தான் சரி.

இப்போது கணக்கு. போர்டு, அதன் ஃபேன், எஸ்எஸ்டி, அதை மாட்ட ஒரு அடாப்டர் எல்லாம் சேர்த்து 11,200. பேனல் கன்ட்ரோலர் 1,800. செல்கள் 1,800. பிஎம்எஸ், சார்ஜர், கன்வர்ட்டர் 1,200. கீபோர்டு 1,500. பலகை, ஸ்க்ரூ, ஒயர், பெவிகால் 1,000. மொத்தம் 18,500 ரூபாய். பேனலும் ஹிஞ்சும் ஓசி. என் உழைப்புக்கு விலை போடவில்லை. எடை கிட்டத்தட்ட இரண்டரை கிலோ. அதே பணத்துக்கு, 2018-ல் வந்த நல்ல பிசினஸ் லேப்டாப் ஒன்று ரீஃபர்பிஷ்டாகக் கிடைக்கும். அது இதைவிட வேகமாக ஓடும், மூடினால் தூங்கும்.

ஆனால் இந்தக் கணக்கு முதல் லேப்டாப்புக்குத்தான். அடுத்த முறை போர்டு பழசானால் நான் வாங்கப்போவது போர்டு மட்டும். திரை, கீபோர்டு, பாடி அப்படியே இருக்கும். ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021-லிருந்து லேப்டாப்பே இப்படித்தான் விற்கிறது: பாடி ஒன்று, புதுத் தலைமுறை போர்டு வந்தால் அதை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சீனாவில் 51என்பி என்ற ஆர்வலர் குழு இன்னும் ஒரு படி போனது. 2010 வாக்கில் வந்த திங்க்பேட் எக்ஸ்201-ன் பாடி, கீபோர்டு, ஹிஞ்ச் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் இன்டெல் 8-ஆம் தலைமுறை ப்ராசஸரோடு புதுப் போர்டைத் தாங்களே வடிவமைத்து எக்ஸ்210 என்று விற்றார்கள். போர்டு செய்வது அவர்களுக்குச் சாத்தியமாக இருந்தது. அந்தப் பாடியை, அந்தக் கீபோர்டை யாராலும் சின்ன அளவில் செய்ய முடியாது என்பதால்தான் பழைய பாடியைத் தேடிப் போனார்கள். டெஸ்க்டாப்பில் பாடி வெறும் தகரப் பெட்டி. லேப்டாப்பில் நல்ல பாடியும் ஹிஞ்சும்தான் சொத்து.

போன ஜூனில் அக்கா பொண்ணு பிசிஏ சேர்ந்தாள். மச்சான் லோடு வண்டி ஓட்டுகிறார், லேப்டாப்புக்கு ஒதுக்க முடிந்தது 20,000. என் பிளைவுட் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்களேன், மிச்சக் காசுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டிடலாம்" என்றாள். மிச்சமே வராது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதைவிட முக்கியமாக, நான் கட்டிய பேட்டரியை என் மேஜையில், என் கண் முன்னால் சார்ஜ் போடுவது வேறு. நாலு பேர் படுக்கும் ஹாஸ்டல் ரூமில் ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கு அடியில் சார்ஜ் ஏறுவது வேறு. அதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். அதோடு பை-யில் இருப்பது ஏஆர்எம் ப்ராசஸர். காலேஜ் லேபில் கொடுக்கும் விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் அப்படியே ஓடாது.

அவளுக்காகச் செய்ததும் ஒரு வகையில் அசெம்பிள்தான். பாடியில் ஆரம்பித்தேன். திங்க்பேட் டி480 ஒன்று, 8-ஆம் தலைமுறை ஐ5, கம்பெனி லீஸ் முடிந்து வந்தது. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பட்டியலில் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடக்கம். அதனால் அதற்கும் முந்தையவை இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. லினக்ஸ் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இவளுக்கு விண்டோஸ் வேண்டும். டி480-ல் ராமுக்கு இரண்டு ஸ்லாட், எதுவும் போர்டோடு சால்டர் செய்தது இல்லை. பெயரில் ஒரு 'எஸ்' சேர்ந்த டி480எஸ்ஸில் பாதி ராம் சால்டர் செய்தது, கவனம். பேட்டரி இரண்டு: உள்ளே 24 வாட்-அவர், பின்னால் கழற்றி மாட்டும் ஒன்று. பின்பக்க பேட்டரி தேய்ந்திருந்தது, புதுசு வாங்கி மாட்டினேன். 8 ஜிபி ஸ்டிக் ஒன்று சேர்த்தேன். மங்கலான 1366 பிக்சல் பேனலுக்குப் பதிலாக, அதே 30 பின் இடிபியில் ஃபுல் எச்டி ஐபிஎஸ் பேனல். இதில் கன்ட்ரோலர் போர்டு தேவையில்லை, அதே கேபிளில் உட்கார்ந்தது. பழைய பேனலைக் கடையில் கொடுத்துக் கொஞ்சம் கழித்துக்கொண்டேன். எல்லாம் சேர்த்து 19,300.

இந்த மாதிரி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே நின்று மூணு விஷயம் பாருங்கள். மூடியைப் பாதி திறந்து கையை எடுங்கள். அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், விழுந்தால் ஹிஞ்ச் போய்விட்டது. பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அது உங்களுக்கு வேண்டாம். கடைசியாக, கடைக்காரர் போட்டு வைத்திருக்கும் விண்டோஸை நம்பாமல் பென்டிரைவிலிருந்து புதிதாக விண்டோஸ் போட்டு, இன்டர்நெட்டில் இணைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு அவர்கள் ஊழியருக்கான லாகின் பக்கம் வந்தால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.